தாராவியின் கோடை: தொழிலாளியின் விடுப்பும் ஊர்ப்பயணமும்

மும்பையின் தாராவியில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளியின் கோடை விடுப்புக்கு இடம் தேட வேண்டியதில்லை. அது ஊர். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, மாநகரப் பள்ளிகள் மூடியிருக்கும் நாட்களில், தொண்ணூறடி சாலையை ஒட்டிய சந்துகளில் பூட்டிய கதவுகள் பெருகும். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் இருக்கும். மூன்றும் ஒரு காலத்தில் ஒரே திருநெல்வேலி மாவட்டமாக இருந்தவை; தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் பிரிந்தன. தாராவித் தமிழரில் மிகப் பலருடைய வேர் அந்தப் பழைய மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அந்த வேர் தோல் தொழில் வழியாக மும்பைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், அன்றைய நகர எல்லைக்கு வெளியே, மாகிம் கழிமுகத்தின் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் சாலைகள் எழுந்தன. நாற்றம் நகருக்குள் வரக்கூடாது, ஆனால் தோல் நகருக்கு வேண்டும் என்பதால் அமைந்த இடம் அது. ஊறல் தொட்டியில் இறங்கி வேலை பார்க்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடக் குடும்பங்களும் தமிழ் முஸ்லிம்களும் வந்தார்கள். பின்னால் நாடார்களும் பிற சாதியினரும் கடை, பலகாரம், தையல் என்று வந்து சேர்ந்தனர். 1980களில் பதனிடும் சாலைகள் தேவனார் பக்கம் தள்ளப்பட்டன. பதனிட்ட தோலில் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் வேலை மட்டும் தாராவியில் தங்கிவிட்டது.

விடுப்பு என்று வரும்போது மும்பைத் தமிழரை ஒரே கூட்டமாகப் பேச முடியாது. மாட்டுங்காவில் 1915இல் நிறுவப்பட்ட ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குடும்பத்தோடு போய்வர ரயில்வே பாஸும் உண்டு. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1950களில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும், அடுத்த பத்தாண்டில் வந்த உர ஆலையிலும் நிரந்தரத் தொழிலாளிக்கு விடுப்பும் பயணப் படியும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தன. மாநகராட்சியின் துப்புரவுப் பிரிவில் நிரந்தரமாக இருந்தவருக்கும் அப்படியே. ஆனால் தாராவியின் கார்கானாவில், மாடியில் ஏழு எட்டுத் தையல் இயந்திரங்கள் போட்ட ஒற்றை அறையில், பீஸ் கணக்கில் கூலி வாங்கும் ஆளுக்கு விடுப்பு என்பது கூலி இல்லாத நாட்கள் மட்டுமே. ஒரே ரயிலில், ஒரே ஊருக்கு, அண்ணன் சம்பளத்தோடு போவதும் தம்பி கூலியை இழந்து போவதும் இங்கே வழக்கம்.

இந்த வேறுபாட்டைச் சட்டமே உண்டாக்கியது. 1936இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஓராண்டு வேலை பார்த்தவருக்குக் குறைந்தது ஆறு வேலை நாட்கள் சம்பளத்துடன் விடுப்பு என்று ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதே ஆண்டில் பிரான்சுத் தொழிலாளிகள் இரண்டு வாரத்தை வென்றெடுத்தார்கள். 1938இல் பிரிட்டனில் சம்பள விடுமுறைச் சட்டம் வந்தது. இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டத்தின் 1945ஆம் ஆண்டுத் திருத்தம் பத்து நாட்களைத் தந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் அதன் திருத்தமும் கணக்கை மாற்றின: ஓராண்டில் 240 நாட்கள் வேலை பார்த்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். ஆண்டுக்கு 300 நாட்கள் உழைப்பவருக்கு 15 நாட்கள் சேரும். எடுக்காத நாட்களை 30 வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. நான்கு நாளோ அதற்கு மேலோ விடுப்பு எடுத்தால், அந்த நாட்களுக்கான கூலியைப் புறப்படும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. தொழிலாளியின் வாழ்க்கையை அறிந்தவர் எழுதிய விதி அது. பயணத்துக்குப் பணம் தேவைப்படுவது புறப்படும் முன்புதானே.

அந்த விதி தாராவியின் மாடிப்படி ஏறவில்லை. மின்சாரத்தால் இயங்கினால் 10 பேர், மின்சாரம் இல்லாவிட்டால் 20 பேர் வேலை பார்க்கும் இடம்தான் அந்தச் சட்டப்படி தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. ஏழு இயந்திரம் போட்ட அறை தொழிற்சாலை ஆகாது. பெரிய உரிமையாளரும் மூன்று அறைகளை மூன்று பெயர்களில் வைத்துக்கொண்டால் அதே நிலைதான். சட்டத்துக்குள் இருந்த வேலையும் பின்னர் குறைந்தது: 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய மும்பைப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளிகள் இறங்கினார்கள். பல ஆலைகள் பின்னர் முழுமையாகத் திறக்கவே இல்லை. ஆலைக்குள் நடந்த வேலையில் பெரும் பகுதி சிறு பட்டறைகளுக்குச் சிதறிப்போனது. கூலி குறைந்தது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சம்பள விடுப்பும் அத்தோடு போனது பற்றி எழுதப்பட்டது குறைவு. லால்பாக், பரேல் ஆலைகளின் மராத்தித் தொழிலாளி மே மாதம் கொங்கண் கிராமத்துக்குப் போனதும் தாராவித் தமிழர் நெல்லைக்குப் போனதும் கிராமத் தொடர்பு என்ற ஒரே தேவையால்தான். 1931இல் அறிக்கை தந்த விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம், கிராமத்தோடு உள்ள இந்தத் தொடர்பை அறுக்கக்கூடாது, முறைப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த முறைப்படுத்தல் சட்டத்துக்குள் இருந்த ஆலைக்கு ஓரளவு கிடைத்தது. சட்டத்துக்கு வெளியே இருந்த பட்டறைக்குக் கிடைக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால், தொழிலாளியின் கோடை விடுப்பு ஓர் ஊரின் பொது வழக்கமாகவே வளர்ந்த இடங்களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரம் முக்கியமானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு சந்தை அங்கே தொழிற்காலத்தில் ஜூலைப் பிற்பாதியின் இரண்டு வார விடுமுறையாக மாறியது. கப்பல் தளமும் வார்ப்படச் சாலையும் ஒன்றாக மூடின. 1812 முதல் கிளைடு ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடின; 1850இல் ரயில் பாதை லோமண்ட் ஏரியின் தென்கரையான பாலொக்கை எட்டியது. தொழிலாளிக் குடும்பங்கள் ஆற்றின் வாயிலுள்ள ரோத்ஸே, டனூன் போன்ற ஊர்களுக்கும், ஏரிக்கரைக்கும் போயின. முதல் உலகப் போருக்குப் பின் கிளாஸ்கோவுக்கு வடக்கே கார்பெத் என்ற இடத்தில் தொழிலாளிகள் தங்கள் கையாலேயே மரக் குடில்கள் கட்டி வார இறுதியையும் கோடையையும் கழித்தார்கள். அந்தக் குடில்காரர்கள் 2013இல் அந்த நிலத்தையே வாங்கிவிட்டார்கள்.

அங்கும் தொடக்கத்தில் அது கூலியில்லாத விடுமுறைதான். தொழிலாளிகள் ஆண்டு முழுவதும் சேமிப்புக் குழுக்களில் வாராவாரம் காசு போட்டு, சந்தை வாரத்தில் எடுத்துச் செலவழித்தார்கள். தாராவியில் அதே வேலையைச் சீட்டு செய்கிறது.

இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஓர் உண்மையான தொழில் உறவும் உண்டு. கிளைடு ஆற்றங்கரையின் கிளைடுபேங்க் ஊரில் 1885இல் திறந்த சிங்கர் ஆலை, உலகின் மிகப் பெரிய தையல் இயந்திர ஆலைகளில் ஒன்று; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே உழைத்த காலம் உண்டு. அது 1980இல் மூடப்பட்டது. இந்தியத் தையற்காரர் பல தலைமுறையாக அறிந்த பெயர் சிங்கர். அதைவிட நெருக்கமானது பாபநாசம். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880களில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில், அருவி நீரின் விசையைப் பயன்படுத்தி, விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கினார்கள். அடுத்து தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலைகள் வந்தன. 1974இல் அந்த ஆலைகளின் நிறுவனமான மதுரா மில்ஸ், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரின் நூல் நிறுவனமான கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. பெய்ஸ்லியின் நூல் தொழிலாளி கோடையில் நீர்க்கரைக்குப் பயணம் போனார். விக்கிரமசிங்கபுரத்துத் தொழிலாளியின் ஆலையே அருவியின் அடியில் இருந்தது. அந்த ஆலையில் இடம் கிடைக்காத சுற்றுக் கிராமத்து இளைஞருக்கு மும்பை ரயில் ஒரு வழி.

கூலி இல்லாத விடுப்பை ஒரு குடும்பம் தாங்கிக்கொள்வது எப்படி என்பதுதான் இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி. ஒரு மாத விடுப்பில் ஒரு மாதக் கூலி இல்லை. ஆனால் மும்பை அறையின் வாடகை நிற்காது. ரயில் கட்டணம், துணிமணி, உறவினருக்குப் பரிசு, ஊர்க் கோயில் வரி, ஏதாவது கல்யாணத்துக்கு மொய் என்று செலவு வேறு. சீட்டை மே மாதத்துக்கு முன் எடுக்கப் பலரும் முயல்வதால் அந்த மாதங்களில் ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளு அதிகமாகும். அவசரக்காரர் கூடுதலாக இழக்கிறார். அடுத்த வழி முதலாளியிடம் அட்வான்ஸ். அட்வான்ஸ் வாங்கியவர் திரும்பி வந்தே ஆக வேண்டும். வந்த பின் சில மாதங்கள் கழிவு போகத்தான் கூலி. ஆகவே முதலாளிக்கு இது ஆளைப் பிடித்துவைக்கும் கயிறுமாகிறது. பட்டறை முதலாளியும் பல இடங்களில் அதே ஊர்க்காரர், சில சமயம் மாமனோ மச்சானோ. அப்போது ஊர்க் கோயிலின் கொடை விழாவுக்குப் பட்டறையே பூட்டப்படும். இது மேலோட்டமான பார்வைக்குக் கிளாஸ்கோ ஆலைகள் மூடுவதைப் போலத் தோன்றும். ஆனால் அங்கே 1938க்குப் பின் நாள் கூலி தொடர்ந்தது, இங்கே தொடரவில்லை.

எல்லோருக்கும் மே மாதம் வசதியும் அல்ல. வெயில்தான் தாராவியின் பல தொழில்களுக்குச் செலவில்லாத இயந்திரம். அப்பளமும் வற்றலும் காய்வதற்கும், குயவர் பகுதியான கும்பர்வாடாவின் பானைகள் உலர்வதற்கும் மழைக்கு முந்தைய மாதங்களே காலம். பள்ளிப் பை தைக்கிறவர்களுக்கு ஜூன் திறப்புக்கு முன்னுள்ள வாரங்களே ஆர்டர் குவியும் நேரம். குழந்தைக்கு விடுமுறை கிடைக்கும்போது அப்பாவுக்கு வேலை உச்சத்தில் இருக்கிறது. அதனால் அம்மாவும் பிள்ளைகளும் முதலில் ஊருக்குப் போவதும், கொடை நாளை ஒட்டி அப்பா பத்து நாளுக்கு மட்டும் வந்து அழைத்துப் போவதும் வழக்கமாகிவிட்டது. இட்லி சுட்டு விற்கும் குடும்பங்களுக்கு இன்னொரு கவலை. காலையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வாடிக்கையை விட்டுப் போனால் இன்னொருவர் வந்து பிடித்துக்கொள்வார். ஆகவே வாடிக்கையைச் சொந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அவர் போகும்போது இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பயணம் தனிக் கதை. நெல்லைப் பக்கம் அகலப் பாதை வருவதற்கு முன் மும்பையிலிருந்து நேராகப் போக முடியாது. சென்னை மெயிலில் சென்ட்ரல் இறங்கி, மூட்டைகளோடு எழும்பூருக்கு மாறி, மீட்டர் பாதை ரயிலில் தெற்கே போக வேண்டும். மூன்று இரவுகள் வழியில் கழியும். இப்போது மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்கும், தாதரிலிருந்து சாளுக்கியா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கும் நேராகப் போகலாம். ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். இந்த ரயில்கள் எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால் கோடையில் இடம் கிடைப்பது பெரும்பாடு. முன்பதிவு 120 நாட்களுக்கு முன் திறந்த காலத்தில், மே மாத டிக்கெட்டுக்கு ஜனவரியிலேயே வரிசை நின்றது. 2024 நவம்பரிலிருந்து அது 60 நாட்களாகச் சுருங்கியது. 1997இல் வந்த தத்கால் முறை கடைசி நேரத்தில் கூடுதல் பணம் கொடுக்க முடிந்தவருக்கு உதவுகிறது. பீஸ் கூலிக்காரருக்கு ஆர்டர் எப்போது முடியும் என்றே தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன் நாள் குறிக்க அவரால் முடியாது. அவருக்கு மிஞ்சுவது பொதுப் பெட்டி. புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் முதல் நாள் தாங்கும். குண்டக்கல் பக்கத்து மே மாத வெயிலில், காற்றாடி ஓடியும் ஓடாததுபோல் இருக்கும் பெட்டியில், குழந்தைகளோடு உட்கார்ந்து போவதற்கும் ஓய்வுக்கும் தொடர்பில்லை. போகவும் வரவும் மூன்று முதல் நான்கு நாட்கள். சட்டப்படி 15 நாட்கள் பெற்றவருக்கும் கால்வாசி ரயிலிலேயே போய்விடுகிறது.

ஊரில் முதல் இரண்டு நாள் வீட்டுக்கு. ஆண்டு முழுவதும் பூட்டியிருந்த வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஓடு மாற்றி, வெள்ளையடிக்க வேண்டும். மும்பைக் கூலியில் எழுந்த வீடு அது. நூறு சதுர அடி அறையில் பதினோரு மாதம் இருந்தவர், நான்கு அறை வீட்டில் நான்கு வாரம் இருப்பார். அடுத்தது கொடை. சித்திரை தொடங்கி ஆடி வரை அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் கொடை விழாக்கள் நடக்கின்றன. கால் நாட்டி, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையை ஒட்டி நாள் குறிப்பார்கள். குடியழைப்பு, வில்லுப்பாட்டு, மதியக் கொடை, சாமக் கொடை என்று இரண்டு மூன்று நாள் போகும். கொடைக்கான தலைக்கட்டு வரி மும்பைக் குடும்பத்துக்கும் உண்டு. வரி கொடுப்பது வெறும் செலவு அல்ல. இந்த ஊரில் தங்கள் பெயர் இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பல ஊர்களில் வெளியூர்க்காரர் வசதியை எண்ணியே கொடை நாளைப் பள்ளி விடுமுறைக்குள் வைக்கிறார்கள். மும்பைப் பட்டறைகளின் நாட்காட்டி இப்படி நெல்லைக் கோயில்களின் நாட்காட்டியையும் சற்று நகர்த்தியிருக்கிறது.

பெண் பார்ப்பதும் கல்யாணம் முடிப்பதும் வைகாசி முகூர்த்தத்தில் நடக்கின்றன. பட்டா மாற்றுவது, பங்கு பிரிப்பது, வயதான தாயை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என்று தள்ளிப்போட்ட வேலைகள் அனைத்தும் அந்த நாட்களில் அடைபடுகின்றன. மும்பையில் முறுக்கு சுற்றியும் வீட்டு வேலை பார்த்தும் சம்பாதிக்கும் பெண்ணுக்கு ஊரில் கூலி வேலை இல்லை. மாமியார் வீட்டு அடுப்பு உண்டு. விருந்தினர் பத்துப் பேருக்குச் சமைப்பதை யாரும் உழைப்பாக எண்ணுவதில்லை. உண்மையில் ஓய்வு அனுபவிப்பவர்கள் பிள்ளைகள்தான். நுங்கும் பதநீரும் கிடைக்கும் பருவம். தாமிரபரணியின் படித்துறையில் மணிக்கணக்காகக் கிடக்கலாம். மும்பையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடம் பிடித்து வளர்ந்த பிள்ளைக்கு ஓடுகிற ஆறு பெரிய விஷயம். மணிமுத்தாறும் பாபநாசத்து அகத்தியர் அருவியும் ஒரு நாள் பயணத்துக்குள் வரும்.

குற்றாலம் மட்டும் கைக்கு எட்டாமல் நழுவுகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இயல்பாக ஜூன் 1 வாக்கில் தொடங்குகிறது. அதன் சாரலில்தான் குற்றாலத்தின் அருவிகளில் நீர் விழத் தொடங்கும், சீசன் ஆகஸ்ட் வரை நீளும். ஜூன் நடுவில் மகாராஷ்டிரப் பள்ளிகள் திறந்துவிடும். சாரல் நன்றாகப் பிடிக்கும் வாரத்தில் மும்பைக் குடும்பம் ரயிலில் இருக்கும். மழை முந்திக்கொள்ளும் ஆண்டில் மட்டும், புறப்படும் முன் ஒரு நாள் ஐந்தருவியில் நிற்கும் வாய்ப்பு அமையும். தொழிலாளிக்கு நீர்க்கரையில் கட்டணமற்ற இன்பம் என்று தென் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். ஆனால் அதற்கு இரண்டு வாரம் தள்ளி விடுப்பு வேண்டும்.

ஊர் எல்லோரையும் ஒன்றுபோல வரவேற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாராவியில் சாதி இல்லாமல் இல்லை. ஆயினும் ஒரே குழாய், ஒரே சந்து, ஒரே பட்டறை என்ற நெருக்கத்தில் அதன் கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த தலித் இளைஞர் ஊருக்கு வந்ததும் எந்தத் தெருவில் செருப்போடு போகலாம், தேர் எந்தத் தெருவுக்குள் வராது என்பவற்றை மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. நல்ல சட்டையும் மோட்டார் சைக்கிளும் சிலர் கண்ணை உறுத்தும். 1990களில் தென் மாவட்டங்களில் வெடித்த சாதிக் கலவரங்களின் நினைவு இன்னும் போகவில்லை. மும்பைக் காசில் உயர்ந்த காரை வீடும் கோயில் கோபுரமும் அந்தக் குடும்பங்கள் ஊருக்குத் தரும் பதிலின் ஒரு பகுதி. லோமண்ட் ஏரிக்குப் போன கிளைடுபேங்க் தொழிலாளி தன்னை யாரும் அறியாத இடத்துக்குப் போனார்; அதுவே அவருக்கு ஓய்வு. தாராவித் தொழிலாளி, தாத்தா பெயர் வரை எல்லோரும் அறிந்த இடத்துக்குப் போகிறார். அங்கே அவருக்கு உறவும் உரிமையும் கிடைக்கின்றன. ஓய்வு குறைவாகவே கிடைக்கிறது.

போகாதவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் தலைமுறையில் ஊரில் வீடு இல்லாமல் போனவர்கள், கடனில் இருப்பவர்கள், ஆர்டரை விட முடியாதவர்கள். அவர்களின் கோடை ஜுகுக் கடற்கரை, சௌபாட்டி, பவாய் ஏரிக்கரை என்று ஞாயிறுகளில் முடிகிறது. தாராவிக்கு மிக அருகில், மித்தி ஆற்றங்கரையில், குப்பை மேடாக இருந்த நிலத்தில் மரம் வளர்த்து 1994இல் திறந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. நகரம் தன் கழிவை மூடி ஒரு காட்டை உண்டாக்க முடிந்த அரிய இடம் அது; தாராவியின் பிள்ளைகளுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள நிழல்.

2020ஆம் ஆண்டு மட்டும் எல்லாம் தலைகீழானது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு, பயணிகள் ரயில்கள் நின்றன, பட்டறைகள் பூட்டப்பட்டன. தாராவி கொரோனா நோய்த் தொற்றின் பெயரால் நாடெங்கும் பேசப்பட்டது. மே 1 முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. கோடை மாதம்தான், ஊர்தான், வேலையும் இல்லைதான். ஆனால் திரும்பும் தேதி யாருக்கும் தெரியாது, கையில் கூலியும் இல்லை. கூலியற்ற விடுப்பு என்றால் என்ன என்பதை அந்த மாதங்கள் ஒளிவுமறைவின்றிக் காட்டின.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைச் சட்டத் தொகுப்பு விடுப்புக்கான தகுதியை 240 நாளிலிருந்து 180 நாளாகக் குறைத்தது. இடையிடையே ஆர்டர் நிற்கும் தொழிலில் 240 நாள் நிரப்ப முடியாதவருக்கு இது நல்லதுதான். ஆனால் அதே தொகுப்பு, தொழிற்சாலை என்று கருதுவதற்கான ஆள் எண்ணிக்கையை மின்சாரம் இருந்தால் 20, இல்லாவிட்டால் 40 என்று இரட்டிப்பாக்கியது. பத்துப் பேர் பட்டறைகள் சில பழைய வரையறைக்குள் வந்திருந்தன; புதிய வரையறையில் அவை தொழிற்சாலை அல்ல. மகாராஷ்டிரத்தின் 2017ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டமும் விடுப்புப் பிரிவுகளைப் பத்துப் பேருக்குக் குறையாத இடங்களுக்கே வைத்தது. தாராவியின் பெரும்பாலான பட்டறைகளில் அதைவிடக் குறைவானவர்களே வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு வர வேண்டுமானால், கட்டுமானத் தொழிலாளருக்கும் சுமை தூக்குவோருக்கும் உள்ள நலவாரியங்களைப் போல, பல முதலாளிகளிடமிருந்து சிறு தொகை திரட்டி தொழிலாளியின் பெயரில் சேர்க்கும் ஏற்பாடுதான் வழி. 1969இல் மகாராஷ்டிரம் மாத்தாடி எனப்படும் சுமை தூக்கும் தொழிலாளருக்கென இயற்றிய சட்டம், நிலையான முதலாளி இல்லாதவருக்கும் விடுப்புக் கூலி தர முடியும் என்பதை இதே நகரில் நடைமுறையில் காட்டியிருக்கிறது.